304-ன் இரண்டாம் பக்கம்

சிஞ்ச்வட், பூனா - 33
17-4-1988, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பாசத்துக்குரிய கிருபாவதி அக்காவுக்கு, தம்பி ஹெர்பர்ட் மிகுந்த பயத்தோடும் அதைவிட அதிகமான அன்போடும் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும், வேதமணியும், கல்யாணப்பெண் மேவிஸும் சுகம். வேதமணி மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை, மற்றபடி சுகம்தான். அங்கே உங்கள் முழங்கால் வலியும் ஜார்ஜ் அத்தானுடைய சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று அறிய ஆவலாக இருக்கிறோம்.

உங்கள் கார்டு ஈஸ்டருக்கு மறுநாள் வந்தது. "ஹெர்பர்ட்டுக்கு, உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை. பெரிய பாத்திரங்களை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். சின்னச் சம்படத்தை மட்டும் இஸ்மாயிலிடம் கொடுத்தனுப்பு. கிருபாவதி." அவ்வளவுதான். கார்டில் முக்கால்வாசி இடம் காலியாகக் கிடந்தது அக்கா. கரண்ட் ஆபீசுக்குப் புகார் எழுதினாலும் மேலே 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று போட்டு எழுதுகிறவர் நீங்கள். எனக்கு அதுகூட இல்லை. மேவிஸ் அதைப் படித்துவிட்டு, "அத்தை வரல்லேன்னா நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன் டாடி, ஏக்தம் மாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வயதில் அவளுக்கு டைபாய்டு வந்தபோது நீங்கள் வந்து மூன்று மாதம் மடியில் போட்டுக் காப்பாற்றிய பிள்ளை. சொன்னால் செய்வாள். கல்யாணம் மே மாதம் பதினெட்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஆகவே நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், வராமல் இருப்பது ஒன்றைத் தவிர.

நான் ஆகுர்டி ஃபாக்டரியில் ஸ்டீல் ஸ்டோரில் இருபத்தேழு வருஷமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டீல் என்றால் ஒரே சாமான் இல்லை அக்கா, நூற்றுக்கணக்கான ஜாதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எந்த நம்பருக்கு என்ன குணம் என்பதெல்லாம் இத்தனை காலமும் நாலு தடித்த ஃபைல்களில் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. போன ஜனவரியில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அந்த நாலு ஃபைலையும் அதற்குள் ஏற்றிவிட்டார்கள். நம்பரைத் தட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அந்த ஸ்டீலில் என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு இழுத்தால் அறும், எவ்வளவு சூட்டைத் தாங்கும், எது பட்டால் துருப்பிடிக்கும், ஜெர்மனியில் அதற்கு என்ன பெயர், ஜப்பானில் என்ன பெயர் என்று பச்சைப் பச்சையாக எழுத்து வந்து நிற்கும். நம் மாப்பிள்ளையைப் பற்றிக்கூட நாம் இவ்வளவு விசாரிக்கவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் ஏ.சி. உண்டு, தூசி ஆகாது என்று செருப்பு, பூட்ஸ் எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும். அதற்குப் பொறுப்பு ரமா என்கிற பெண், பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முதல் நாள் என் சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்ததைக் கண்டு, "அங்கிள், ஒங்க மோஸாக்கு வென்டிலேஷன் இருக்கு ந" என்றாள். அன்று முதல் எனக்கும் அவளுக்கும் சிநேகம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் நான் அங்கேதான். கத்தரிக்கோல் என்ன நம்பர், கைக்கடிகார மூடி என்ன நம்பர், அரிவாள்மணை என்ன நம்பர் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வேதமணி கட்டிக் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வரும். இதிலிருந்தே உங்களுக்கு என் நிலைமை புரிந்திருக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் சீர்ப் பாத்திரங்கள் வந்தன. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்க்கும் இஸ்மாயில் பாய், நம்ம மேலப்பாளையத்துக்காரர், ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு சாக்குமூட்டையைத் தோளில் சுமந்து கொண்டுவந்து இறக்கினார். குடம் ஒன்று, தூக்குச்சட்டி இரண்டு, சருவச்சட்டி ஒன்று, நாலும் பளபளவென்று புதுசு, நாலிலும் 'மேவிஸுக்கு அத்தை' என்று பக்கவாட்டில் பெயர் வெட்டியிருந்தது. ஐந்தாவது ஒரு சின்னச் சம்படம். அதில் மட்டும் பக்கவாட்டில் பெயர் இல்லை, மினுமினுப்பும் இல்லை, மூடியைத் திறந்தால் காபித்தூள் வாசம். வேதமணி சந்தோஷத்தில் எல்லாவற்றையும் துடைத்துச் சமையலறைத் தட்டில் அடுக்கினாள். நான் மறுநாள் ரமாவிடம் போய், வீட்டுப் பாத்திரத்துக்கு என்ன நம்பர் அம்மா என்று கேட்டேன். நல்ல பாத்திரம் என்றால் 304 என்றாள், மட்டமானது 430. முதலில் 430, அடுத்து 304 என்று இரண்டையும் அச்சடித்துக் கொடுத்தாள். அந்தக் காகிதம் ஒன்றோடு ஒன்று ஒட்டி மடிப்பு மடிப்பாக வருமே, நான் மேல்தாள்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சுருட்டி வீட்டில் போட்டேன். அந்த மேல்தாள்களை லோக்கல் ட்ரெயினில் வரும்போதே நின்றபடி படித்திருந்தேன். 304: காந்தம் பிடிக்காது. 430: காந்தம் பிடிக்கும், விலை மலிவு, உப்பும் புளிப்பும் பட்டால் புள்ளி விழும். அக்கா, அந்த வரிகளைப் படித்த நிமிஷத்தில் எனக்குள் சாத்தான் புகுந்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து அதிலிருந்த காந்தத்தை எடுத்தேன். குடத்தின் கழுத்தில் வைத்தேன், இழுத்தது. தூக்குச்சட்டியின் வளைவில் வைத்தேன், இழுத்தது. சருவச்சட்டியும் இழுத்தது. சம்படம் இழுக்கக்கூட இல்லை, தாவி வந்து கவ்விக்கொண்டது. எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம், வந்த சரக்கு தேறினால் பச்சைப் பெயின்ட், தேறாவிட்டால் சிவப்புப் பெயின்ட். அதில் ஒரு சின்ன டப்பி எங்கள் வீட்டில் இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஐந்து பாத்திரத்தின் அடியிலும் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். சம்படத்தின் அடியில் ஏதோ புள்ளியும் கீறலுமாக இருந்தது, நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை, துருதான் என்று அதற்கு மட்டும் இரண்டு தடவை அடித்தேன். வேதமணி பார்த்துவிட்டு, "ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கல்யாணப் பாத்திரத்துல செவப்ப அப்புதியளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். பாத்திரம் எல்லாம் தகரத்துக்கு அண்ணன் என்று எழுதினேன். அந்தச் சம்படத்தை உங்கள் தலையில் கட்டினவனுக்கு ஸ்டீலைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது, அவன் மனுஷனே இல்லை என்றும் எழுதினேன். பழைய பாத்திரத்தைச் சீர் என்று அனுப்புவது நம் குடும்பத்துக்கு அழகா என்றும் கேட்டேன். இதெல்லாம் கோபத்தில் எழுதவில்லை அக்கா, அதுதான் கேவலம். உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற பாசத்தில், அக்காவைவிடத் தம்பிக்கு ஒன்று கூடத் தெரிந்துவிட்டதே என்ற குஷியில் எழுதினேன்.

அதற்கப்புறம் அந்தக் காந்தம் என்னை விடவில்லை. எங்கள் சொசைட்டியில் மேல்மாடியில் தர்மாம்பாள் மாமி இருக்கிறார், கும்பகோணம் பக்கம், பையன் பாங்கில் வேலை. "ஹெர்பர்ட் சார், அந்தக் காந்தத்தைச் செத்த குடுங்கோளேன்" என்று வாங்கிப்போய் மருமகள் சரசா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களைச் சோதித்தார். பாதி ஒட்டியது. மாமி அதை வாயால் சொல்லவில்லை, ஒட்டின பாத்திரங்களைத் தனியாக ஜன்னலில் வரிசையாக வைத்தார், அவ்வளவுதான். சாயங்காலம் சரசா வந்து அதே காந்தத்தை வாங்கிப்போய் மாமியாருடைய பாத்திரங்களைச் சோதித்தாள். முக்கால்வாசி ஒட்டியது. இப்போது அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது, இரண்டு பேருமே என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று நடந்ததை எப்படி எழுதுவேன். காந்தம் என் சட்டைப்பையில்தான் இருந்தது, இருந்ததையே மறந்துவிட்டேன். ஒரு கையில் குருத்தோலை. காணிக்கைத் தட்டு வரிசையில் வந்தது. நம் சபைச் செயலாளர் ஆபிரகாம், தகப்பனார் நினைவாகப் போன வருஷம் கொடுத்த தட்டு அது. கவரைப் போடலாம் என்று நெஞ்சுக்கு நேரே வாங்கினேன். டங்கென்று சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் வரவில்லை, பலமாகப் பிடுங்கினால் பை கிழிகிற சத்தம் கேட்கிறது. பாட்டு முடியும்வரை நெஞ்சில் தட்டைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையில் ஓலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். சபை ஐயர் பார்த்தார். ஆபிரகாமும் பார்த்தார். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெளியே வந்ததும், "பிரதர், தட்டு 430 போலிருக்கிறதே" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் செத்துப்போன தகப்பனாரை நான் ஏதோ வைதுவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். வேதமணி அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவள்தான்.

இதற்கெல்லாம் மேலே உங்கள் கார்டு வந்தது. அன்று ராத்திரி, ஒருவேளை நான் தப்பாகப் படித்திருந்தால் என்று முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது. காலையில் முதல் வேலையாக ரமாவிடம் போய், அந்த 304-ஐ இன்னொரு தடவை காட்டு தாயே என்றேன். ஸ்டீல் விவரம் எல்லாம் ஒரு கறுப்புத் தகட்டில், விசிறிமட்டை மாதிரி மெல்லிசாக இருக்கும், அதில் பதிந்திருக்கிறது. அதை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் செருப்பைக் கழற்றினேனே தவிரச் சட்டைப்பையைக் கழற்றவில்லை. மேஜைமேல் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியை எடுப்பதற்காகப் பையைக் காலிபண்ணி, கையில் வந்ததையெல்லாம் அந்தத் தகட்டின்மேலேயே வைத்தேன். காந்தத்துக்கும் அந்தத் தகட்டுக்கும் ஜென்மப்பகையாம், எனக்கு எப்படித் தெரியும்? ரமா தகட்டைச் செருகி 304 என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. 430 தட்டினாள். ஒன்றும் வரவில்லை. நாலு ஃபைல் ஸ்டீலும், ஜெர்மனிப் பெயர் ஜப்பான் பெயரோடு, போய்ச் சேர்ந்துவிட்டது. ரமா என் முகத்தைப் பார்த்தாள், காந்தத்தைப் பார்த்தாள், "அரே அங்கிள்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நல்ல பெண் அக்கா. மானேஜரிடம் டிஸ்க் கெட்டுப்போச்சு என்று மட்டும்தான் சொன்னாள், கெடுத்தது யார் என்று சொல்லவில்லை. பம்பாயிலிருந்து வேறு பிரதி வர மாதக் கடைசி ஆகுமாம். அதுவரைக்கும் யார் யார் எதையெதை அச்சடித்துக்கொண்டு போனார்களோ எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார்கள்.

நான் சட்டைப்பையில் இருந்த தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரமா வாங்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது பைலா பேஜ் மட்டும்தான். 304-க்கு தூஸ்ரா பேஜ் இருக்கு ந? அது கிதர்?" என்றாள். எனக்கு இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். பத்து நாள் தேடினேன். அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுத இவ்வளவு தாமதம். டிரங்குப் பெட்டி, பீரோ, மேவிஸின் பழைய நோட்டு, எதிலும் இல்லை. வேதமணியிடம் கேட்டால் பதில் வராது, ஜாடையாகவும் வராது. நேற்று, சம்படத்தை இஸ்மாயில் பாயிடம் கொடுத்தனுப்ப வேண்டுமே என்று தட்டிலிருந்து பாத்திரங்களை இறக்கினேன். தட்டில் விரித்திருந்த காகிதத்தில் பச்சைக் கோடு தெரிந்தது. நான் சுருட்டிப்போட்ட மிச்சத் தாளை வேதமணி நல்ல வழவழப்பான காகிதமாயிற்றே என்று தட்டில் விரித்து, நான் பெயின்ட் அடித்து வைத்த உங்கள் பாத்திரங்களை அதன்மேல் மறுபடி அடுக்கியிருக்கிறாள். குடம் இருந்த இடத்தில் வட்டமாக ஈரக்கறை. கறைக்கு நடுவில் எழுதியிருக்கிறது: 304, இரண்டாம் பக்கம். இந்த ஸ்டீலைச் சூடாக்காமல் அழுத்தி, இழுத்து, உருவம் கொடுத்தால் வளைந்த இடங்களில் காந்தம் லேசாகப் பிடிக்கும், அதைக் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அக்கா, உடனே மறுபடி காந்தத்தை வைத்துப் பார்த்தேன். குடத்தின் கழுத்திலும் சட்டிகளின் வளைவிலும் லேசாக இழுக்கிறது, தட்டையான அடியில் வைத்தால் வழுக்கிக் கீழே விழுகிறது. நாலும் அசல் 304. இருபத்தேழு வருஷம் ஸ்டீல் ஸ்டோரில் இருந்தவன் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்காமல் கூடப்பிறந்தவளை வைதிருக்கிறேன். நான் செய்தது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. நேரில் இருந்தால் உங்கள் காலைப் பிடித்திருப்பேன், முழங்கால் வலி இல்லாத காலாகப் பார்த்து. காந்தத்தை எடுத்துக்கொண்டு பவனா ஆற்றுப் பாலத்துக்குப் போய் ஓங்கி எறிந்தேன். அது தண்ணீரில் விழவில்லை, பாலத்தின் இரும்புச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, கை எட்டாத இடம். நாளைக்கு யாராவது பார்த்து என்ன ஏது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்தச் சின்னச் சம்படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது அடி, பக்கம், மூடி என்று எல்லா இடத்திலும் கவ்வுகிறது. அது 430-தான், அதில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் மாற்றமில்லை. நீங்கள் அதை மட்டும் திருப்பிக் கேட்டிருப்பதிலிருந்து உங்களுக்கே மனசு சங்கடப்பட்டு, விற்ற கடைக்காரன் முகத்தில் எறியலாம் என்று நினைத்திருப்பீர்கள் என்று தெரிகிறது. வேண்டாம் அக்கா. நாலு பாத்திரம் தங்கமாக வாங்கின கை ஒன்றில் ஏமாறுவது உலகத்தில் நடக்கிறதுதான். நான் மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன். இது பற்றி வெளியே யாரிடமும் மூச்சுவிட மாட்டேன். இன்று சாயங்காலம் இஸ்மாயில் பாய், வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மறுபடி ஊருக்குப் புறப்படுகிறார், சம்படத்தையும் இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீங்களும் அத்தானும் மே பத்தாம் தேதிக்குள் கட்டாயம் வந்து சேர வேண்டும். மெட்ராஸிலிருந்து பம்பாய் மெயில், பூனாவில் நானே வந்து நிற்பேன். மேவிஸ் முட்டி போட்டு ஜெபம் பண்ணுகிறாள். வேதமணியும் நீங்கள் வந்தால் என்னோடு பேசக்கூடும்.

ஜார்ஜ் அத்தானுக்கு என் வந்தனம் சொல்லுங்கள். உங்களுக்கு முழங்கால் பெலமும், என்னைப் பொறுத்துக்கொள்ள மனசுப் பெலமும் கர்த்தர் தாராளமாகத் தருவாராக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஹெர்பர்ட்

பி.கு.: மேலே எழுதின மன்னிப்பை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இஸ்மாயில் பாய் அஞ்சு மணிக்கு வந்தார். சம்படத்தைப் புரட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, அக்கா குடுத்த சாமானுக்குச் சீல் வச்சிருக்கிய? இத நான் எப்பிடி அவுக கையில குடுக்க?" என்று கேட்டார். வேதமணி வாங்கிப்போய் மண்ணெண்ணெய் தொட்டுச் சிவப்பைத் துடைத்தாள். அப்புறம் மூன்று வாரத்தில் முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டாள். "இங்கன வந்து பாருங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாங்க."

அது துரு இல்லை அக்கா. தமிழ் தெரியாத வெட்டுக்காரர் நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்து வெட்டினது. 'கிருபா அக்காவுக்கு ஹெர்பர்ட், பூனா, 1961.' எனக்கு வேலை கிடைத்த முதல் மாதம், ரவிவார் பேட்டையில் ஒரு கடையில் வாங்கி, உங்கள் கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்தது. பந்தலில் அத்தனை பேர் முன்னால், "நான் ஸ்டீலிலேயே வேலை பார்க்கிறவன், இது நூறு வருஷத்துக்கும் ஒன்றும் ஆகாது" என்று அளந்தேனே, அதே சம்படம். ஸ்டீலைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாதவன், மனுஷனே இல்லை என்று நான் எழுதியது யாரை என்று உங்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கார்டில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதில் உப்போ புளியோ பட்டால் தாங்காது என்று ஒரு கம்ப்யூட்டரும் சொல்லாமலே கண்டுபிடித்து, இருபத்தேழு வருஷமாகக் காபித்தூளைத் தவிர வேறெதையும் போடாமல் வைத்திருந்து, அப்பா கொடுத்தது பிள்ளைக்குப் போகட்டும் என்று என் மகளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?

சம்படம் இஸ்மாயில் பாயோடு வரவில்லை. கடிதம் மட்டும்தான் வருகிறது. மேவிஸ் அதைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள். வீட்டிலிருந்த காபித்தூள் முழுவதையும் அதில் கொட்டி மூடிவிட்டாள். அத்தை வந்து தன் கையால் திறக்கும்வரை இந்த வீட்டில் எனக்குக் காபி கிடையாதாம், வேதமணியும் சரி என்று சொல்லிவிட்டாள். சீக்கிரம் வாங்க.